பதினைந்தாம் நாள் ஓட்டம்

ஏரியும் மலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருந்த ஒரு காட்டில், ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பந்தயம் நடக்கும். முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் மலை ஏறத் தொடங்கி, மறுபக்கம் இறங்க வேண்டும். பிறகு புல்வெளி நெடுக ஓட வேண்டும். காலையில் தொடங்கினால் முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

முடித்தவர்களுக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. புலிக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விடும் அல்லவா? அதனால் யானை ஒரு சட்டம் போட்டிருந்தது. பந்தயத்தில் ஓடியவர்களைப் பதினான்கு நாள் யாரும் வேட்டையாடக் கூடாது. பதினைந்தாம் நாள் விடிந்தால் சட்டம் செல்லாது.

அந்த ஆண்டு கடமான் முதலில் வந்தது. செந்நாய் இரண்டாவதாக வந்தது. காட்டுப்பன்றி கடைசியாக வந்தது. ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டது.

செந்நாய் தன் கூட்டத்தோடு சண்டை போட்டுப் பிரிந்து தனியாகத் திரிந்துகொண்டிருந்தது. நல்ல கால் உள்ள கடமானை ஒற்றை ஆளாக அதனால் பிடிக்க முடியாது. நொண்டும் கடமான் என்றால் பிடித்துவிடலாம். செந்நாய் உட்கார்ந்து யோசித்தது.

மூன்றாம் நாள் கடமான் எழுந்து நின்று காலை உதறிப் பார்த்தது. வலியே இல்லை. பக்கத்தில் காட்டுப்பன்றி சேற்றில் புரண்டுகொண்டிருந்தது.

"ஓடப் போகலாமா?" என்று கேட்டது கடமான்.

"இந்த வாரம் எனக்குச் சேறுதான். அடுத்த வாரம் கொஞ்சம் நடப்பேன், கொஞ்சம் நீந்துவேன். அதற்கு அப்புறம்தான் ஓட்டம்."

"எனக்கு வலி போய்விட்டதே!"

"எனக்கும்தான் போய்விட்டது. ஆனால் முன்பு இரண்டு முட்டு முட்டினால் கிழங்கு வெளியே வரும். இப்போது ஏழு முட்டு முட்ட வேண்டியிருக்கிறது. உடம்பு இன்னும் தேறவில்லை."

அப்போது செந்நாய் அங்கே வந்தது. கடமான் பின்வாங்கியது.

"சட்டம் இருக்கும்போது என்ன பயம், அண்ணே?" என்றது செந்நாய். "முதலில் வந்த நீங்கள், கடைசியில் வந்தவன் பேச்சைக் கேட்கலாமா? பத்து நாள் படுத்தால் கால் ஓட்டத்தையே மறந்துவிடும். வாருங்கள், நானும் கூட ஓடுகிறேன்."

கடமானுக்குத் தலை கால் புரியவில்லை. அன்றே இருவரும் புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மறுநாள் இரண்டு சுற்று. அதற்கு மறுநாள் மலை.

ஏழாம் நாள் கடமான் நின்றது. "தம்பி, முழங்கால் பிடிக்கிறது."

"அது வெறும் சோம்பல், அண்ணே. இன்னொரு தடவை மலை ஏறினால் சரியாகிவிடும்" என்று சொன்ன செந்நாய், தானும் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் ஏறியது.

பன்னிரண்டாம் நாள் கடமானின் முழங்கால் பலாக்காய் போல வீங்கிவிட்டது. அப்போதும் அது ஓடியது. நிறுத்தினால் மற்ற மான்கள் சிரிக்குமே என்று அதற்குக் கவலை.

பதினைந்தாம் நாள் விடிந்தது. செந்நாய் வந்து நின்றது.

"இன்றைக்கு ஓட்டம் வேண்டாம் தம்பி, காலை ஊன்ற முடியவில்லை" என்றது கடமான்.

"தெரியும், அண்ணே. இதற்காகத்தானே இத்தனை நாள் உங்களோடு ஓடினேன்" என்றது செந்நாய். "இன்று பதினைந்தாம் நாள்."

கடமானுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. தாவியது. முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தது. செந்நாய் அதன் மேல் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் செந்நாயின் பின்னங்கால் சுளுக்கிக்கொண்டு, அதுவும் மண்ணில் முகம் குப்புற விழுந்தது. கடமான் ஓடிய ஓட்டமெல்லாம் அதுவும் சேர்ந்து ஓடியதுதானே!

கடமான் எழுந்து நொண்டியது. செந்நாயும் எழுந்து பின்னாலேயே நொண்டியது. முதலில் வந்தவரும் இரண்டாவதாக வந்தவரும் நூறு அடி போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வேடிக்கை பார்த்த மயிலுக்கே சலித்துவிட்டது. ஆனால் கடமானுக்கு அது உயிர்ப் போராட்டம். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில் புல்வெளியின் மறுகோடியிலிருந்து காட்டுப்பன்றி ஓடி வந்தது. பந்தயத்துக்குப் பிறகு அதன் முதல் ஓட்டம் அன்றுதான். நடந்ததை ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, கொம்புபோல நீண்ட பற்களைக் காட்டிக்கொண்டு நேராகச் செந்நாயை நோக்கி வந்தது. செந்நாய் மூன்று காலில் புதருக்குள் ஓடி ஒளிந்தது.

கடமான் மூச்சு வாங்கியபடி, "நாளைக்கு உன்னோடு நானும் ஓட வரட்டுமா?" என்று கேட்டது.

"நாளைக்கு நீ படு" என்றது காட்டுப்பன்றி.

அந்த மழைக்காலம் முழுவதும் கடமான் பன்றியின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்தைக் கரையில் நின்று பார்த்தது.

நீதி: பெரிய உழைப்புக்குப் பின் வலி போனதும் உடல் தேறிவிட்டது என்று எண்ணாதே, போதிய ஓய்வெடுத்துச் சிறிது சிறிதாகத் தொடங்கு.