அருவியில் தேன் தேடிய அரசர்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இக்கரை முழுவதையும் மகரபூபதி என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எதைக் கேட்டாலும் அப்படியே நம்பிவிடுவார். நம்பியது பொய்த்துப் போனால் அதே வேகத்தில் கோபித்துக்கொள்வார்.

அவருடைய சபையில் செவ்வந்தியம்மை என்றொரு புலவர் இருந்தார். ஒருநாள் அவர் வடமலை அருவியைப் பற்றிப் பாடினார். பாறை இடுக்கிலிருந்து தேன் பொழிகிறது, கீழே நிற்கும் மூங்கில்கள் அதைக் குடித்துவிட்டுத் தலையாட்டுகின்றன என்று பாட்டுப் போயிற்று. கேட்ட அரசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் விடிந்ததும் நான்கு பெரிய தவலைகளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுப் பல்லக்கில் புறப்பட்டுவிட்டார். மூன்று நாள் பயணம். போய்ச் சேர்ந்ததும் அருவிக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். வந்தது தண்ணீர். அதுவும் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர்ந்த தண்ணீர். திரும்பும் வழியெல்லாம் தும்மிக்கொண்டே வந்தார்.

பிரதானி மழவராயர் இதற்காகவே காத்திருந்தார். நாட்டில் அரசருக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. ஆனால் போன சித்திரையில் அரசர் தம் வலப்பக்க ஆசனத்தைச் செவ்வந்தியம்மைக்குக் கொடுத்துவிட்டார். அதில் உட்கார்ந்திருந்த மழவராயர் ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று. அந்த ஓர் இடம் அவருக்கு ஒரு காத தூரமாகத் தெரிந்தது.

"மன்னர் பெருமானே, கவிதை என்பது நகை போட்ட பொய். பொய்க்கு வலப்பக்கத்தில் இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்றார்.

அரசர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆணையிட்டார். "இன்று முதல் என் நாட்டில் எல்லாரும் உள்ளதை உள்ளபடியே பேச வேண்டும். இல்லாததைச் சொல்பவர் ஓடமேறி அக்கரைக்குப் போய்விட வேண்டும். பாடிய குற்றத்துக்குச் செவ்வந்தியம்மையும் போக வேண்டும். அவருக்கு மூன்று நாள் தவணை."

"இதைக் கண்காணிக்க நம் விகடர் சோணாசலமே தக்கவர்" என்றார் மழவராயர். "அவர் ஒருவரைத் தப்ப விட்டாலும் அவரும் ஓடம் ஏறட்டும்."

சோணாசலம் சபையைச் சிரிக்க வைப்பவர். செவ்வந்தியம்மைக்கு நெருங்கிய நண்பர். ஒரே கல்லில் தன்னையும் அடிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. தலையசைத்தார்.

அன்று மாலை அவர் செவ்வந்தியம்மை வீட்டுக்குப் போனபோது, அந்த அம்மாள் ஏட்டுக்கட்டுகளைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார்.

"அத பாடுறப்ப என் நாக்குல தித்திச்சுது அண்ணா. அதுக்கு நான் எங்கேருந்து சாட்சி கொண்டாருவேன்?" என்றார்.

அதற்குச் சாட்சியாகச் சோணாசலமே இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி வேலம்மை இறந்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, இவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லுவாரோ என்று முகத்தையே பார்த்தார்கள். பத்து நாள் நெஞ்சு கல்லாகக் கிடந்தது. அப்போது செவ்வந்தியம்மை வந்து ஓர் ஏட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊரைச் சிரிக்க வைத்தவன் வீட்டில்
உலைக்கு அரிசி களையும் ஓசையில்லை;
கோலம் இழைத்த வாசல் முழுதும்
கோழி நடந்த கால்தடம்.

படித்துவிட்டு அவர் வாசலைப் பார்த்தார். அப்புறம்தான் அழ முடிந்தது. அழுது முடித்த பிறகுதான் பசித்தது.

"கட்டுன மூட்டைய அவுத்து வையி தாயி. எனக்கு ஒரு வேல குடுத்திருக்காங்க. அத ஒழுங்கா செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

மறுநாள் காலை சபை கூடியது. அரசரின் வரவைச் சொல்லக் கட்டியக்காரன், "புவி காக்கும் புலி வருகிறது" என்று தொடங்கினான். சோணாசலம் ஏட்டையும் எழுத்தாணியையும் எடுத்தார். "நாலு கால் இருக்கிறதா? வால் இருக்கிறதா? உள்ளபடி சொல்லப்பா" என்றார். கட்டியக்காரன் விழித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடுத்தர உயரம், சற்றே தொந்தி, ஜலதோஷம் பிடித்த மகரபூபதி வருகிறார்" என்று முழங்கினான்.

சபையில் பல பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அரசர் முகம் சிவந்தது. ஆனால் ஆணை அவருடையது.

அடுத்து அந்தப்புரத்துக்குப் போனார் சோணாசலம். அரசியார் தொட்டிலை ஆட்டியபடி, "என் முத்தே, என் பவளமே" என்று பாடிக்கொண்டிருந்தார்.

"தாயே, இது ஆறு மாதக் குழந்தை. இப்போதுதான் தொட்டிலை நனைத்திருக்கிறது. முத்தையும் பவளத்தையும் காணவில்லை" என்றார்.

அரசியார் பாட்டை நிறுத்தினார். குழந்தை அழ ஆரம்பித்தது. அன்று முழுவதும் அழுதது. மறுநாளும் அழுதது. அரண்மனையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள். செவ்வந்தியம்மையை அனுப்பும் நாள். மழவராயர் புத்தாடை உடுத்தி வந்து, "தங்கள் பாதத் தாமரைகளுக்கு வணக்கம்" என்று குனிந்தார்.

சோணாசலமும் உடனே குனிந்து அரசரின் காலை உற்றுப் பார்த்தார். "பத்து விரல்கள் இருக்கின்றன. ஒரு கால் ஆணி இருக்கிறது. தாமரை இல்லை" என்று ஏட்டில் எழுதினார்.

"மன்னா, நான் பொய் பேசுபவனா? தங்களுக்காக இப்போதே உயிரையும் கொடுப்பேன்" என்று மழவராயர் பதறினார்.

"இப்போதே என்றாரா?" சோணாசலம் காவலனைப் பார்த்தார். "அண்ணே, வாளைக் கொஞ்சம் எடும். பிரதானி கொடுத்துவிட்டால் அவர் சொன்னது உள்ளபடி ஆகிவிடும். கொடுக்காவிட்டால் ஓடம் காத்திருக்கிறது."

"அது... அது பேச்சுக்குச் சொன்னது" என்றார் மழவராயர்.

"செவ்வந்தியம்மை பாட்டுக்குச் சொன்னார்" என்றார் சோணாசலம்.

அந்த நேரத்தில் அரசியார் அழுகிற குழந்தையோடு சபைக்குள் நுழைந்தார். தூக்கமில்லாமல் கண்கள் வீங்கியிருந்தன. "இவனைத் தூங்க வைக்கும் வார்த்தைகளைத் தாங்கள் தடுத்துவிட்டீர்கள். தாங்களே தூங்க வையுங்கள்" என்று குழந்தையை அரசர் மடியில் போட்டார்.

அரசர் தடுமாறினார். தோளில் போட்டுத் தட்டினார். அழுகை நிற்கவில்லை. "அழாதேடா என் கண்ணே, என் உயிரே" என்றார். குழந்தை ஒரு விம்மலோடு அடங்கியது.

சபையும் அடங்கியது. எழுத்தாணி ஏட்டில் கீறும் ஓசை மட்டும் கேட்டது.

"என்ன எழுதுகிறாய்?" என்றார் அரசர்.

"தங்கள் கண் முகத்திலும், உயிர் உடம்பிலும் இருக்கின்றன, மன்னா. ஆக, ஓடம் ஏற வேண்டியவர்கள்: அரசியார், பிரதானி, கட்டியக்காரர், ஊரில் தாயாகவும் காதலராகவும் உள்ள அத்தனை பேரும், கடைசியாகத் தாங்கள். ஆணை வந்த பிறகு இல்லாததைச் சொல்லாதவர் செவ்வந்தியம்மை ஒருவர்தான். மூன்று நாளாக அவர் பாடவே இல்லை. இக்கரையை அவரே ஆள வேண்டியிருக்கும்."

அரசருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனால் மனத்தாங்கல் தீரவில்லை. "அருவியில் தேன் இல்லையே, சோணாசலம்" என்றார் மெதுவாக.

"மன்னா, அருவிக்குப் போகும்போது நானும் பல்லக்கின் பக்கத்தில் நடந்து வந்தேன். மூன்று நாளும் தாங்கள் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தீர்கள். அப்போது நாவில் நீர் ஊறியதா?"

"ஊறியது. தித்தித்தது."

"அருவியைக் காணும் முன்பே தித்தித்தது எது?"

அரசர், தோளில் தூங்கும் குழந்தை குலுங்கும்படி சிரித்தார். ஆணையை அங்கேயே திரும்பப் பெற்றார். செவ்வந்தியம்மையை அழைத்து வந்து வலப்பக்கத்தில் அமர்த்தினார். "பிரதானியாரே, தாங்கள் பத்து நாளில் நாலடிப் பாட்டு ஒன்று எழுதிவர வேண்டும். இதுவே தண்டனை" என்றார்.

ஒன்பதாம் நாள் மழவராயர் செவ்வந்தியம்மை வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "மூணு அடி வந்திருச்சு. நாலாவது வரமாட்டேங்குது" என்றார்.

அங்கே அவல் தின்றுகொண்டிருந்த சோணாசலம் ஏட்டை வாங்கிப் படித்தார். "ஆறு ஓடுகிறது. ஆற்றில் ஓடம் உள்ளது. ஓடத்தில் ஓடக்காரன் உள்ளான். பிரதானியாரே, எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்கே."

செவ்வந்தியம்மை சிரிக்கவில்லை. "அந்த ஓடக்காரன் எதப் பாக்குறான் ஐயா?" என்று கேட்டார்.

மழவராயர் படியில் உட்கார்ந்து யோசித்தார். வெயில் சாய்ந்த பிறகுதான் பதிலைச் சொன்னார். அந்த அம்மாள், "அதையே எழுதுங்க" என்றார்.

மறுநாள் சபையில் மழவராயர் எழுந்து படித்தார். முதல் மூன்று அடிகளுக்கு அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலாவது அடி வந்தது: "எந்தக் கரை தன் கரையென்று இரண்டையும் பார்க்கிறான்."

அரசர் சிரிப்பை நிறுத்தினார். "இன்னொரு முறை சொல்லும்" என்றார். மழவராயர் சொன்னார்.

அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சோணாசலத்துக்குப் போர்த்தினார். "சபையில் ஒரு புலவரைக் காப்பாற்றப் போய் இரண்டாக்கிவிட்டாயே" என்று மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, யாரும் கேட்காமலே, மழவராயர் மூன்றாம் முறையும் அந்த அடியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.