பலகை நிற்கும் இடம் ஏழரைப்பட்டி

ஏழரைப்பட்டிக்காரர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னதை மட்டும்தான் செய்வார்கள். சொன்னவர் மனசுக்குள் புகுந்து, அவர் என்ன நினைத்தார் என்று பார்ப்பது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் எண்ணம். இதில் என்ன தப்பு என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த ஊர் ஒச்சப்பனின் மனைவி செங்கமலம், நாகலூத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போய் இருபது நாள் ஆகியிருந்தது. எல்லாம் மாவாட்டும் கிரைண்டரால் வந்தது. "கொஞ்சம் கிரைண்டரைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஒச்சப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். மாவு இறுகியதைப் பார்த்தான். கல் நின்றதைப் பார்த்தான். புகை வந்ததையும் கண் இமைக்காமல் பார்த்தான்.

"புதுக் கிரைண்டர் வராம ஏழரைப்பட்டி எல்லைக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அன்றிலிருந்து ஒச்சப்பனுக்கு மூன்று வேளையும் கஞ்சிதான்.

இந்த நேரத்தில்தான் டவுனில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு கிரைண்டர். ஒச்சப்பன் துணைக்கு இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனான். ஒருவர் வீரணன். ஊரிலேயே தலைவலி வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் மூளை உள்ளவர் என்று பெயர். இன்னொருவன் சின்னாண்டி. கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் சரி என்பது அவன் கொள்கை.

சென்டர் நடத்தும் ஜெபராஜ் விளக்கினார். திரையில் ஒரு நாடு இருக்கும். அதில் நிலக்கரிச் சுரங்கங்களும் கரன்ட் எடுக்கும் பவர் ஹவுஸ்களும் இருக்கும். ஸ்டேஷன் கட்டி, தண்டவாளம் போட்டு, ரயிலில் கரி கொண்டுபோக வேண்டும். ஒரு மதியத்துக்குள் விளையாட்டில் இருபது வருஷம் ஓடிவிடும். முடிவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருக்குக் கிரைண்டர்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்கண்ணே. ரெண்டு ஸ்டேஷனுக்கும் நடுவுல தூரம் கூடக் கூட வருமானம் கூடும்."

மூவரும் ஒரு ஸ்டேஷனை வடமேற்கு மூலையில் மலை உச்சியில் கட்டினார்கள். இன்னொன்றைத் தென்கிழக்கு மூலையில் கடலோரத்தில் கட்டினார்கள். இதைவிடத் தூரம் அந்த நாட்டிலேயே இல்லை. முதல் ஸ்டேஷனுக்கு ஏழரைப்பட்டி என்றும் மற்றதற்கு நாகலூத்து என்றும் ஒச்சப்பன் பெயர் வைத்தான். ரயில் காலியாகக் கிளம்பி, காலியாகப் போய், காலியாகத் திரும்பியது. மூன்று வருஷம் போயிற்று.

"வண்டியில ஒண்ணுமே ஏறலையேண்ணே" என்றான் சின்னாண்டி.

"பாரம் இல்லாததுனாலதான் இந்த ஓட்டம் ஓடுது" என்றார் வீரணன்.

"அதுவும் சரிதான்."

ஒச்சப்பன் மட்டும் ஒவ்வொரு முறையும் ரயில் நாகலூத்தை அடையும்போது திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான்.

"என்னடா பாக்குற?"

"ஒருவேளை அவ ஏறி வர்றாளோன்னு."

ஜெபராஜ் வந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஸ்டேஷன் சுரங்கத்தை ஒட்டி இருக்கணும்ணே. நாலு கட்டம் தள்ளிப் போனாலும் ஒரு துண்டு கரி ஏறாது."

அவர் அந்தப் பக்கம் போனதும் இரண்டு ஸ்டேஷனையும் இடித்து, ஒரே சுரங்கத்துக்கு இடதுபக்கம் ஒன்றும் வலதுபக்கம் ஒன்றுமாகக் கட்டினார்கள். ரயில் சுரங்கத்தில் கரி ஏற்றி, சுரங்கத்தைச் சுற்றி வந்து, அதே சுரங்கத்தில் இறக்கப் பார்த்தது. சுரங்கம் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன் வாங்க மாட்டேங்குது?"

"அதுகிட்டயே அம்புட்டுக் கரி கெடக்கு. அது எதுக்குக் காசு குடுத்து வாங்கும்?" என்றார் வீரணன்.

"தேவைப்படுற வரைக்கும் காத்திருப்போமா?"

இரண்டு வருஷம் காத்திருந்தார்கள்.

ஜெபராஜ் மறுபடியும் வந்தார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏற்றுகிற ஸ்டேஷன் சுரங்கத்தை ஒட்டி, இறக்குகிற ஸ்டேஷன் தூரத்துப் பவர் ஹவுஸை ஒட்டி என்று விரலை வைத்துக் காட்டினார். அதன்படியே கட்டினார்கள். முதல் ரயில் கரியோடு போய்ச் சேர்ந்ததும் திரையில் வருமானம் பச்சை எழுத்தில் எழும்பியது. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிரைண்டர் இருந்த மேசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"இனிமே ஒண்ணுதான். போய்ச் சேர லேட்டாச்சுன்னா வருமானம் குறையும். வேகமாப் போக வழி பாருங்க" என்றார் ஜெபராஜ்.

மூவரும் ஆலோசித்தார்கள்.

"எங்க மாமா லாரி ஓட்டுறப்ப, இறக்கத்துல தானா வேகம் எடுக்கும்பாரு" என்றான் சின்னாண்டி.

வீரணன் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். தலைவலி வந்தது. அதனால் யோசனையும் வந்தது. கம்ப்யூட்டர் திரையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார்கள். ரயில் சரிவில் இறங்குவது போலத்தான் இருந்தது. கரியை இறக்கிவிட்டு ரயில் திரும்பியதும், திரையின் மறுபக்கத்தைத் தூக்கினார்கள். போக ஒரு தூக்கு, வர ஒரு தூக்கு. எட்டு வருஷம் இப்படி ஓடியது. சின்னாண்டியின் கை வீங்கிவிட்டது.

"என்னண்ணே பண்றீங்க?" என்று ஜெபராஜ் ஓடி வந்தார்.

"வண்டி காலியாத் திரும்புது சார். இந்தப் பக்கம் இப்ப இறக்கம் வேணும். கொஞ்சம் பிடிங்க."

ஜெபராஜும் ஒரு கை பிடித்தார். ஏன் பிடித்தோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர்கள் இரண்டாவது இடத்தில் இருந்தார்கள். முதலிடத்தில் இரண்டு காலேஜ் பெண்கள். கொஞ்சம் முந்தினால் கிரைண்டர் கைக்கு வந்துவிடும். ஒச்சப்பன் கேட்டான்: "சார், தூரம் தூரம்னு சொல்றீங்களே, அதை எங்கேருந்து எங்க வரைக்கும் அளக்குறாங்க? சுரங்கத்துலேருந்தா, இஞ்சின் மூக்குலேருந்தா?"

"ஸ்டேஷன் பலகையிலேருந்து பலகைக்குண்ணே. கம்ப்யூட்டர் வேற எதையும் பாக்காது. அதுக்குப் பலகை நிக்கிற இடம்தான் ஊரு."

அவர் போனதும் வீரணன் தொண்டையைச் செருமினார். "பலகைதான் ஊருன்னா, அப்ப இந்த மேடை, கூரை எல்லாம் எதுக்கு? வீண் பராமரிப்பு. இடிச்சிரு."

"இடிச்சா பலகையும் போயிருமே" என்றான் ஒச்சப்பன்.

இடித்துப் பார்த்தார்கள். போகவில்லை. மேடை போன பிறகும் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் அங்கேயே நின்றது. வீரணன் சொன்னது உண்மையாகிவிட்டதில் மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. ரயில் நிற்க இடமில்லாமல் கரியைச் சுமந்துகொண்டு போயும் வந்தும் கொண்டிருந்தது. இருபது வருஷம் முடிந்தபோது கம்பெனி திவாலாகியிருந்தது. காலேஜ் பெண்கள் ஆட்டோவில் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூவரும் ஊர் திரும்பினார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் ரோட்டோரம் மஞ்சள் நிறத்தில் 'ஏழரைப்பட்டி' என்ற பலகை நின்றது. ஒச்சப்பன் அதன் முன்னால் நின்றுவிட்டான்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரி என்ன சொல்லிட்டுப் போனா?"

"கிரைண்டர் வராம ஏழரைப்பட்டி எல்லைக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு."

"அவளாத்தானே வைக்க மாட்டா?"

வீரணன் பலகையைப் பார்த்தார். ஒச்சப்பனைப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குத் தலைவலி வராமலே புரிந்தது.

மறுநாள் மதியம் செங்கமலம் அம்மா வீட்டு வாசலுக்கு வந்தபோது, மூன்று பேர் வேலியோரம் அந்த மஞ்சள் பலகையை நட்டு மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது?"

"ஊரு" என்றான் ஒச்சப்பன். "நீ இப்ப ஏழரைப்பட்டிக்குள்ளதான் நிக்கிற. கோபம் முடிஞ்சுபோச்சு."

"கிரைண்டர் எங்க?"

"நீ கால் வைக்க மாட்டேன்னுதான் சொன்ன. நீ வைக்கல. ஊருதான் வந்துச்சு."

செங்கமலம் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். அவளும் ஏழரைப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம் ஆனவள். கணக்கு அவளுக்கும் சரியாகவே பட்டது. "வந்தது வந்துட்ட, உள்ள ஆட்டுக்கல் இருக்கு, அரிசி ஊறியிருக்கு. சட்டையைக் கழட்டி வச்சுட்டு ஆட்டு" என்றாள். "பாத்துக்கன்னு சொல்லல. ஆட்டுன்னு சொல்றேன்."

ஒச்சப்பன் கஞ்சியை நினைத்துக்கொண்டு சந்தோஷமாக ஆட்டினான்.

சாயங்காலம் டவுன் பஸ் அந்த வழியே வந்தது. பலகையைப் பார்த்ததும் உள்ளே இருந்த ஏழரைப்பட்டிக்காரர்கள் பதினோரு பேரும், கண்டக்டர் தடுத்தும் கேளாமல், மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. தெருவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"வீரணா, ஊரு சரியாத்தான் இருக்கு. எங்க வீடுகளக் காணோமே?" என்றார் ஒரு பெரியவர்.

"பலகை இலேசு, அதனால முன்னாடியே வந்துருச்சு" என்றார் வீரணன். "வீடெல்லாம் பாரம். பின்னால வந்துக்கிட்டிருக்கும்."

அதுவும் சரிதான் என்றான் சின்னாண்டி. பதினோரு பேரும் மூட்டைகளை நகர்த்தி, வீடுகள் வந்து நிற்க இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்தார்கள்.