பதினெட்டுப் படி ஏறிய குப்பை

முன்பு ஒரு காலத்தில், பொன்னூற்று என்ற நாட்டை வீரகம்பீரன் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தால் மத்தியானத்துக்குள் அது கல்வெட்டாகிவிட வேண்டும். சாயங்காலம் அவர் அதை மறந்துவிடுவார். கல்லில் வெட்டியதை ஜனங்கள்தான் மறக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

ஒரு நாள் வீதியுலாவில் ராஜாவின் புதுச் செருப்பு அழுகிய பூசணிக்காய்க்குள் இறங்கியது. அதுவரை ஊரில் குப்பை இருப்பதே அவருக்குத் தெரியாது. உடனே சபை கூடியது. அமைச்சர் குழந்தைவேலர் எழுந்து, வீட்டுக்கு வீடு ஓர் ஆள் போய்க் கூடையில் வாங்கி வரட்டும், ஈரக் குப்பை உரமாகும், காய்ந்தது சூளைக்கு எரிபொருளாகும், உடைந்த இரும்பும் பித்தளையும் உலைக்குப் போகும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். புரியும்படி சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

அமைச்சர் வாய் திறந்தாலே வயிறு எரிகிற ஒருவர் அந்தச் சபையில் இருந்தார். பெயர் அலங்காரநாதர். "நாளைய உலகம் நம் ராஜாவை ஒரு கூடையை வைத்தா நினைவு கொள்ள வேண்டும்?" என்று கேட்டார். ராஜாவுக்குச் சுருக்கென்றது.

ஆறே மாதத்தில் ஊர் நடுவே மூன்று கோபுரங்கள் எழுந்தன. ஈரத்துக்கு ஒன்று, காய்ந்ததற்கு ஒன்று, உலோகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதினெட்டுப் படி. குப்பை போடும் வாய் உச்சியில். பக்கத்திலேயே அலங்காரநாதர் எழுதிய சட்டம் கல்லில்: குப்பையைக் கூடையில் போட்ட கணமே அது அரசருடைமை. அவரவர் குப்பையை அவரவரே சுமந்து படியேற வேண்டும், அடுத்தவர் தொட்டால் திருட்டு. மூன்று நாள் வாசலில் கிடந்தால் வீடு பூட்டப்படும், இருப்பவர் ஊரை விட்டுப் போக வேண்டும்.

திறப்பு விழாவில் அலங்காரநாதர் ஒரு மாங்கொட்டையை ஏந்திப் படியேறினார். நாலு பேர் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். உச்சியில் மூச்சு வாங்கி முடித்ததும், படிகள் மிக எளிதாக இருப்பதாக அறிவித்தார்.

மேட்டுத்தெருவில் வேலாத்தாள் என்று ஒருத்தி தையல் இலை தைத்துப் பிழைத்து வந்தாள். சிறு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் விளங்காமல் போனவள். தரையில் கையூன்றித்தான் நகர்வாள். மூன்று கூடையையும் ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தாள். சுமக்கத்தான் வழியில்லை. பக்கத்து வீட்டார் உதவ வந்தால் திருட்டுக் குற்றம். அமைச்சர் இதை எடுத்துச் சொன்னபோது, படியேறாதவர்கள் சோம்பேறிகள் என்று அலங்காரநாதர் முடித்துவிட்டார்.

நாலாம் நாள் காலை, வீட்டைக் காலி செய்யும் ஓலையோடு இரண்டு காவலர்கள் வந்தார்கள். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், ராஜாவின் சொத்து ஒன்று தன்னிடம் இருக்கிறது, அதை ஒப்படைத்த பிறகு பூட்டுங்கள் என்றாள். காவலர்கள் பதறிப்போய் அவளை வண்டியில் ஏற்றிச் சபைக்குக் கொண்டு வந்தார்கள்.

"மூன்று நாளாக உன் வாசலில் குப்பை கிடக்கிறதாமே?" என்றார் ராஜா.

"குப்பைன்னு சொல்லாதீங்க ராசா. அது உங்க சொத்துங்க. கல்லுலயே வெட்டியிருக்குதுங்க."

எழுதியவர் என்ற முறையில் அலங்காரநாதர் பெருமையாகத் தலையசைத்தார்.

"மூணு நாளா இலை தைக்காம நான்தான் காவல் இருக்கறனுங்க. காக்கா உங்க சொத்தைக் கொத்துது, நாய் இழுக்குது. இத்தனை பெரிய ராசாவோட சொத்துக்கு நான் ஒருத்தி காவல்னா, பக்கத்து நாட்டுக்காரங்க என்னங்க நினைப்பாங்க?"

பக்கத்து நாட்டுக்காரன் என்ற சொல் ராஜாவின் காதில் விழுந்தால் போதும். அந்தக் கணமே அவள் வாசலுக்கு ஈட்டி ஏந்திய இருவரை முறை வைத்து நிறுத்தச் சொன்னார். சொத்து அங்கே இருக்கும்வரை வீட்டைப் பூட்டக் கூடாது என்றும் உத்தரவானது.

செய்தி ஊரெல்லாம் பரவியது. மறுநாள் கண் தெரியாத தவில்காரர் ஆள் அனுப்பி, தன் வாசலிலும் ராஜாவின் சொத்து இருப்பதாகத் தெரிவித்தார். பிறகு நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, பிறகு முழங்கால் வீங்கிய குயவர். ஒரே வாரத்தில் முந்நூறு வாசல். மீன் முள்ளுக்கு வீரவணக்கம் செலுத்தியபடி முந்நூறு ஜோடி காவலர்கள் நின்றார்கள். அரண்மனை வாசலில் ஆளில்லை. ஓர் ஆடு தர்பார் மண்டபம் வரை வந்து திரைச்சீலையை மென்றுவிட்டுப் போனது.

ராஜா கொதித்தார். கல்வெட்டை அழிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். படியேறாத அத்தனை பேரையும் ஊரை விட்டு அனுப்பிவிடலாம் என்றார் அலங்காரநாதர். பட்டியலை அமைச்சர் வாசித்தார். முதல் பெயரே சேனாதிபதியின் தகப்பனார். சேனாதிபதி வாளின் பிடியைத் தடவிக்கொண்டார். அலங்காரநாதர் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் வேலாத்தாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"முறை முடிஞ்சு காவல்காரங்க வெறுங்கையோடதானுங்க திரும்பறாங்க," என்றாள் அவள். "வாறப்ப கூடையை எடுத்துட்டு வந்தா உங்க சொத்து உங்க கிட்டயே சேந்துரும். அப்புறம் அங்க காக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

ராஜா அமைச்சர் பக்கம் திரும்பினார். "இது அன்றைக்கு நீர் சொன்னதுதானே?" என்றார்.

"கிட்டத்தட்ட, மகாராஜா. நான் படி மட்டும் சேர்க்கவில்லை."

அமைச்சரின் யோசனையே சட்டமானது. கோபுரத்தடி வரை காவலர்கள் சுமப்பார்கள், அதற்கு மேல் எளிதான படிகள்தானே, அலங்காரநாதரே சுமக்கட்டும் என்றார் ராஜா. முதல் நாள் அவர் பதினோரு தடவை ஏறினார். இரண்டாம் நாள் தவழ்ந்து ஏறினார். மூன்றாம் நாள் கொத்தனாரை வரவழைத்து மூன்று கோபுரத்துக்கும் அடியிலேயே வாசல் வெட்டச் சொன்னார். ஊரே சொல்லியும் ஏறாத விஷயம் முழங்கால் வழியாக ஏறிவிட்டது.

மேட்டுத்தெருவில் கூடை எடுக்க வந்த காவலர், வேலாத்தாளின் காய்ந்த குப்பைக்கு மேலே ராஜமுத்திரை போட்ட ஓலை ஒன்று கிடப்பதைப் பார்த்துத் தயங்கினார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவரே கொண்டு வந்து கொடுத்த ஓலை அது.

"இதையுமா எடுத்துக்கொண்டு போக?" என்றார்.

"பிரிச்சுத்தானுங்க வெச்சிருக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த இலையை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள்.