நாற்பது முயல்களின் கடல்வழி

கள்ளித்தீவில் நாற்பது முயல்கள் வாழ்ந்தன. அவை குடிப்பதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு குட்டை. அந்தக் கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது.

கருங்காதி என்ற முயல் தினமும் காலையில் குட்டைக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்க்கும். ஒருநாள் அது எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது: "இன்னும் ஒன்பது நாளைக்குத்தான் தண்ணீர் இருக்கிறது."

எதிரே இருந்த நாணல்தீவில் வற்றாத சுனை ஒன்று உண்டு. ஆனால் நடுவே கடல்! முயல்கள் ஒரு கடல் ஆமையிடம் போய் உதவி கேட்டன.

"ஒரு தடவைக்கு இரண்டு பேரைச் சுமப்பேன். அதற்கு மேல் முடியாது" என்றது ஆமை.

"அப்படியானால் இருபது தடவை" என்றது கருங்காதி.

எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யும் வேலையை அங்கிருந்த கூழைக்கடாப் பறவை ஒன்று தானாகவே எடுத்துக்கொண்டது. ஒருமுறை அக்கரைக்குப் பறந்துவிட்டு வந்து, மணலில் அலகால் நேராக ஒரு கோடு கிழித்தது.

"இதுதான் வழி! முந்நூறு சிறகடிப்பில் அக்கரை! ஒரு நாளைக்கு ஐந்து தடவை போகலாம். நான்கே நாளில் வேலை முடிந்தது!"

முயல்கள் துள்ளிக் குதித்தன.

"நடுவில் பாறை இருக்கிறதே, ஐயா" என்று ஆமை மெதுவாகச் சொன்னது.

"பாறைக்கு மேலே தண்ணீர் பளபளக்கிறது. நானே பார்த்தேன்!"

"தண்ணீர் இருக்கிறது. எனக்கு அது போதுமா என்றுதான்..."

"கடலில் பிறந்த உனக்குக் கடலைக் கண்டு பயமா?" என்று கேட்டது கூழைக்கடா. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் நாள் இரண்டு முயல்களோடு ஆமை புறப்பட்டது. பாதி தூரத்தில் கடல்மட்டம் இறங்கித் தண்ணீர் வற்றியது. ஆமையின் வயிறு பாறையில் தட்டி நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மறுபடி கடல் ஏறும்வரை மூவரும் வெயிலில் காய்ந்தார்கள். அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடிந்தது.

"வழியில் குறையில்லை. ஆமைதான் சோம்பேறி!" என்றது கூழைக்கடா.

"அப்படியானால் வேறு ஆமையைத் தேடுவோம்!" என்றன முயல்கள்.

"வேண்டாம். வேறு வழியைத் தேடுவோம். நாளை ஒரு நாள் எனக்கு வேண்டும். நான் போய் அளந்துவிட்டு வருகிறேன்" என்றது கருங்காதி.

"இருப்பதே எட்டு நாள்! அதில் ஒரு நாளை அளப்பதற்கே விடுவதா?" என்று கேட்டன முயல்கள்.

"இந்த வழியில் ஒரு நாளைக்கு ஒரு தடவை. எட்டு நாளில் பதினாறு பேர் போகலாம். மீதி இருபத்திரண்டு பேர் யார் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்!"

முயல்கள் அந்த ஒரு நாளைக் கொடுக்க ஒப்புக்கொண்டன.

மறுநாள் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கருங்காதி கரைக்கு வந்தது. அந்தத் தீவிலேயே பருத்த முயலான பானைவயிறனையும் அழைத்து வந்தது.

"நான் எதற்கம்மா?"

"ஏறுங்கள், மாமா. உங்களைச் சுமந்துகொண்டு ஆமையக்கா தட்டாமல் போகிற வழியில் யார் வேண்டுமானாலும் போகலாம்."

"இதற்காவது என் வயிறு உதவட்டும்!"

இருவரும் ஏறியதும் ஆமை நான்கு விரல் தாழ்ந்தது. அதன் வயிறு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து, நீளமான ஒரு குச்சியில் கருங்காதி பல்லால் அடையாளம் வைத்தது. துடுப்புக்காலால் பத்து வீச்சு நீந்தியதும் ஒவ்வொரு முறையும் ஆமை நிற்கும். கருங்காதி குச்சியைத் தரைவரை விட்டுப் பார்க்கும். அடையாளம் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் திரும்ப வேண்டியதுதான். மூன்று இடத்தில் அப்படித் திரும்பினார்கள்.

நான்காவதாக வடக்கு முனையைச் சுற்றிப் போனார்கள். அங்கே எந்த இடத்திலும் அடையாளம் வெளியே தெரியவில்லை!

"கோணல் வழி! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள்!" என்று மேலே பறந்த கூழைக்கடா கத்தியது.

"கோணல்தான், ஐயா. ஆனால் நிற்காமல் போகலாமே!" என்றது கருங்காதி.

அக்கரை வந்ததும் பானைவயிறன் இறங்கப் பார்த்தது. "நான் இங்கேயே இருந்துவிடுகிறேனே!"

"உட்காருங்கள், மாமா. திரும்பும் வழியையும் அளக்க வேண்டும்."

போவதற்குத் தொள்ளாயிரம் வீச்சு. நீரோட்டம் எதிர்த்ததால் திரும்புவதற்கு ஆயிரத்து நூறு. பகல் முழுவதும் ஆமையால் ஆறாயிரம் வீச்சுதான் நீந்த முடியும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று தடவை. முப்பத்தெட்டு பேருக்குப் பத்தொன்பது தடவை. ஆறு நாளில் பதினெட்டு, ஏழாம் நாளில் ஒன்று. குட்டையில் தண்ணீரும் ஏழு நாளைக்குத்தான் இருந்தது.

"ஒரு நாள்கூட வீணாகக் கூடாது" என்றது கருங்காதி.

வேலை தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் கூழைக்கடா மறுபடி வந்தது. "இன்று கடல் நன்றாக ஏறியிருக்கிறது! நேர்வழியில் போங்கள்! ஐந்து தடவை போகலாம்!"

சில முயல்கள் தயங்கின. "போய்த்தான் பார்ப்போமே!"

"போகும்போது ஏறியிருக்கும். திரும்பும்போது?" என்று கேட்டது கருங்காதி. "ஆமையக்கா பாறையில் மாட்டினால் நாளைக்கு நம்மைச் சுமப்பது யார்? வடக்கே போங்கள்!"

ஆமை வடக்கே திரும்பியது. காற்று அடித்த நாளிலும் மூன்று தடவை. கால் வலித்த நாளிலும் மூன்று தடவை.

ஏழாம் நாள் குட்டையில் சேறுதான் மிஞ்சியது. கரையில் கருங்காதியும் பானைவயிறனும் மட்டும் நின்றார்கள். ஆமை வந்தது. இருவரும் ஏறினார்கள். நாணல்தீவில் இறங்கியதும் கருங்காதி ஒவ்வொருவராக எண்ணியது. நாற்பது!

அப்போது கூழைக்கடா பறந்து வந்து இறங்கியது. "நேராகப் போனால் முந்நூறு சிறகடிப்பு என்றேனே, அந்தக் கணக்கில் பிழை உண்டா?"

"பிழையே இல்லை, ஐயா. எங்களுக்குச் சிறகுதான் இல்லை!" என்றது கருங்காதி.

பிறருக்கு வழி வகுப்பவர், அவர்களுடைய சுமையோடும் வேகத்தோடும் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்த பிறகே அதை வகுக்க வேண்டும்.