யாருடைய கொடுவா

மடத்துக்கு வந்ததிலிருந்து தணிகாசலம் கேள்வி எதுவும் கேட்டதில்லை. காய் நறுக்கச் சொன்னால் நறுக்குவார். மாட்டுக்கு வைக்கோல் போடச் சொன்னால் போடுவார். அன்று கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அரிவாள்மனையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாமியின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, கெட்ட நினைப்பு வந்தா வெரட்டிடலாம். நல்ல நினைப்பு வந்தா என்ன பண்றது?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது. தணிகாசலத்துக்கு எழுபது நெருங்குகிறது. குருவைவிடச் சீடருக்கு வயது கூடினால் இரண்டு பேருக்குமே சங்கடம்தான். பேர் சொல்லிக் கூப்பிடச் சாமிக்கு வாய் வராது. 'ஐயா' என்று கூப்பிட்டால் தணிகாசலத்துக்குக் காது கூசும். அதனால் சாமி 'ஏங்க' என்றே கூப்பிட்டுவந்தார், ஏதோ பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி.

"என்ன நினைப்பு?"

"மீன் பிடிச்சது சாமி."

சாமி கீரையை விட்டு நிமிர்ந்தார். மடத்துக்குள் அந்தச் சொல் விழுந்து வெகு காலம் ஆகியிருக்கும்.

"என்ன மீனு?"

"கொடுவா."

தணிகாசலம் முத்துப்பேட்டையில் லைன்மேனாக இருந்தவர். ஊருக்குத் தெற்கே அலையாத்திக் காடு. ஆறு வந்து கடலோடு கலக்கிற கலங்கல் தண்ணீர். கொடுவாவுக்கு அதுதான் வீடு. வாய் பெரிது, பலம் அதைவிடப் பெரிது.

"கண்ணை மூடினா போதும் சாமி. தோணியில நாலு பேரு உக்காந்திருக்கோம். நானு, என் தம்பி சேது, ரைஸ்மில் பக்கிரி, துணிக்கடை நைனா. கரையில பொம்பளைங்க அடுப்பு மூட்டிக்கிட்டு, குழம்பு கூட்டி வச்சாச்சு, மீனு எங்கன்னு கத்துறாங்க. அப்ப என் தூண்டில்ல மாட்டுது. தூண்டில் நரம்பு கையை அறுக்குது. அது மேல எகிறித் தலையை உதறுது. முழிச்சுப் பார்த்தா மடத்துச் சுவரு."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. அதான் தாங்கல. தினமும் அங்க போயிட்டு, தினமும் அங்கேருந்து திரும்பி வரணும். அசந்து போறேன் சாமி."

 சாமி பூச்சி அரித்த ஒரு இலையைக் கிள்ளிப் போட்டார்.

"தைப்பூசத்துக்குத் துணி மாத்திக் குடுத்துடுங்க. காவியைக் கட்டிட்டா விட்டுப் போயிடும்ல?"

"நான் கட்டி இருபது வருஷம் ஆச்சு. எங்க ஊரு புரோட்டாவே இன்னும் விட்டுப் போகல."

தணிகாசலம் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்கிற தெம்புகூட இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தோணியில இருந்த நாலு பேருல இப்ப யார் யாரு இருக்காங்க?" என்று சாமி கேட்டார்.

"தம்பி போயிட்டான். பக்கிரி அவனுக்கு முன்னாடியே போயிட்டான். கரையில அடுப்பு மூட்டுனவ, எங்க வீட்டுக்காரி கோமளா, அவளும் போயிட்டா. நைனா மட்டும் இருக்கான்."

"எங்க?"

"முத்துப்பேட்டையிலதான்."

"பஸ்ஸுல ஒரு மணி நேரம்கூட ஆகாதே. போய்ப் பார்க்கறதுதானே?"

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவனுக்கு இப்ப ஆளு தெரியல சாமி. மக சொல்லி அனுப்புச்சு, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க மாமான்னு. எப்படிப் போவேன்? அந்தத் தோணியை நினைச்சுப் பார்க்க ஒலகத்துல நாங்க ரெண்டு பேருதான் மிச்சம். அவனும் என்னைப் பார்த்து நீ யாருன்னு கேட்டுட்டா, அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

சாமி எழுந்தார். மடியிலிருந்த கீரைத் தண்டுகளை உதறினார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க, சட்டையை மாட்டுங்க."

"எங்க சாமி?"

"பஸ்ஸுக்கு."

"கத்தரிக்கா கறுத்துப் போயிடுமே?"

"கறுத்தா கறுக்கட்டும்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. வழியெல்லாம் வெயில். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்கள். யாரோ ஒரு பெண் எழுந்து சாமிக்கு இடம் கொடுத்தாள். சாமி தணிகாசலத்தைக் காட்டினார். தணிகாசலம் சாமியைக் காட்டினார். அதற்குள் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

நைனா முகமதுவின் மகள் ஹாஜரா கதவைத் திறந்தாள். தணிகாசலத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காவி கட்டிய ஒருவர் கூட நிற்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வாங்க மாமா. வாங்க சாமி. வாப்பா முழிச்சுத்தான் இருக்காங்க. பேச்சுத்தான் கொறைஞ்சு போச்சு. என்ன கேட்டாலும் ரெண்டு வார்த்தைதான்."

நைனா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ஒற்றை ஆளாகத் துணி மூட்டையைத் தூக்கி மாடிக்கு ஏற்றியவர். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தாடியை மட்டும் மகள் அழகாகச் சீவிவிட்டிருந்தாள்.

தணிகாசலம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நைனா."

நைனா அவரை மரியாதையாகப் பார்த்தார், கடைக்கு வந்த வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி.

"வாங்க. உக்காருங்க. வெளியூரா?"

எதற்குப் பயந்து வராமல் இருந்தாரோ அது வந்த கையோடு நடந்துவிட்டது. தணிகாசலம் திரும்பிச் சாமியைப் பார்த்தார். சாமி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போகலாம் என்ற பாவனை எதுவும் அவரிடம் இல்லை.

வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் தணிகாசலம் கேட்டார்.

"கொடுவாவுக்குப் போனதெல்லாம் ஞாபகம் இருக்கா?"

நைனாவின் புருவம் மேலே போனது.

"கொடுவாவா? நீங்க பிடிப்பீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"உசுரு இறால் குத்தணும். செத்த இறாலைத் திரும்பிப் பார்க்காது, ராஜா வீட்டுப் புள்ள அது." நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குக் கூட்டாளிங்க இருந்தாங்க. தணிகாசலம்னு ஒருத்தன். லைன்மேன். ஞாயித்துக்கிழமையானா விடியறதுக்கு முன்னாடி வந்து கதவைத் தட்டுவான். என் பொண்டாட்டி திட்டும். அவனுக்குக் காது கேக்காது."

 தணிகாசலத்தைப் பற்றி அவரிடமே நைனா சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்த ஹாஜரா தேநீர்த் தம்ளர்களோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு நாளு பெரிய கொடுவா. ஒரு புள்ள உசரம். தண்ணி வத்தி ஏறுற நேரம். பக்கிரி பீடியைப் பத்த வைக்கிறான். அப்பப் பாருங்க, என் தூண்டில்ல..."

"உன் தூண்டில்ல இல்ல நைனா," என்றார் தணிகாசலம். "தணிகாசலம் தூண்டில்ல."

வாய் தவறி வந்ததல்ல அது. அந்த மீன் அவருடையது. தினமும் கண்ணை மூடினால் வருகிற மீன். அதை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நைனா நிறுத்தினார். உயர்ந்திருந்த கைகள் மெல்ல மடிக்கு இறங்கின.

"அப்படியா?"

"ஆமா."

"அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். பதில் அவருக்குத் தெரியும். இத்தனை காலமும் அதை நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சின்னத் தோணி, நாலு தூண்டில். கொடுவா மாட்டினால் நேராக ஓடாது. தோணியைச் சுற்றி ஓடும், அடியில் புகுந்து மறுபக்கம் வரும். குறுக்கே இன்னொரு நரம்பு கிடந்தால் சிக்கிக்கொண்டு மீனும் போகும் நரம்பும் போகும். அதனால் ஒருவனுக்கு மாட்டியதும் மற்ற மூவரும் தங்கள் நரம்பை மளமளவென்று கட்டையில் சுற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இறால் குத்திப் போட்டிருந்தாலும் சரிதான். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்றைக்கு நைனா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தணிகாசலம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரைப் பார்க்கவில்லை.

நைனா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதோ இருந்து தொலைந்துபோனதுபோல. முகத்தில் வந்திருந்த வெளிச்சம் போய்விட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியல. அசதியா இருக்கு," என்றார்.

ஹாஜரா தம்ளர்களை மேசைமேல் வைத்தாள். "மாசக்கணக்கா ஆச்சு மாமா, வாப்பா இவ்வளவு பேசி," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தணிகாசலத்தைச் சுட்டது.

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேங்க," என்றார். வாழ்நாளில் முதல் முறையாக நைனாவுக்கு மரியாதை கொடுத்துப் பேசினார். "உங்க தூண்டில்லதான் மாட்டுச்சு. தணிகாசலம் தன் நரம்பைச் சுத்திக்கிட்டான். பக்கிரியும் சுத்திட்டான். சேதுவும் சுத்திட்டான். குறுக்க ஒண்ணும் இல்ல. நீங்க இழுங்க."

நைனா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"சுத்திட்டாங்களா?"

"எல்லாரும் சுத்திட்டாங்க."

நைனாவின் வலது கை எழுந்தது. பிறகு இடது கை. காற்றில் நரம்பு கைக்குக் கை மாறி வந்தது. "ஓடுறான், ஓடுறான், விடு, விட்டுப் பிடிக்கணும்," என்றார். மீன் ஓடும்போது கை முன்னே போனது. "அல்லாவே, எகிறிட்டான் பாருங்க!" என்று சொல்லிச் சிரித்தார். ஹாஜரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலித்தது. ஆனாலும் அந்த மீன் தப்பிவிடக் கூடாதே என்று அவருக்குப் பதற்றமாகவும் இருந்தது.

மீன் தோணிக்குள் வந்து விழுந்தது. நைனாவுக்கு மூச்சு வாங்கியது.

"கோமளாதான் ஆக்குச்சு," என்றார். "தணிகாசலம் பொண்டாட்டி. தங்கமான புள்ள. என் வீட்டுல அன்னைக்கு வரல, மாசமா இருந்துச்சு. கோமளா நடுத்துண்டு ரெண்டை எடுத்து இலையில கட்டி என் கையில குடுத்துச்சு. அண்ணே, அண்ணிக்குக் குடுங்க, அவருக்குத் தெரிய வேணாம், நடுத்துண்டுன்னா உசிரை விடுவாருன்னு சொல்லுச்சு. பாவம், தணிகாசலம், வாலைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தான்."

தணிகாசலத்துக்கு இது தெரியாது. கோமளாவோடு அத்தனை வருஷம் வாழ்ந்தும் அவள் இதைச் சொல்லவில்லை. அவள் போய் இத்தனை நாள் கழித்து, அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அவர் சிரிக்கவும் செய்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்ப உம்மா வயித்துல இருந்தது நான்தான் மாமா," என்றாள் ஹாஜரா.

நைனா தலையணையில் சாய்ந்தார். "நீங்க யாருன்னு சொல்லலையே?"

"அந்தப் பக்கம் மீன் பிடிச்சவன்தான்."

"நல்லது," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார் நைனா.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. பலகையில் இருவரும் உட்கார்ந்தார்கள். 

"சாமி, அது என் மீனு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவர் இழுக்கும்போது கட்டின கைக்குள்ள உங்க விரலு துடிச்சுது."

தணிகாசலம் தம்ளரைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அவன்கிட்ட குடுத்துட்டேன். இப்பக் கண்ணை மூடினா அவன்தான் இழுக்கிறான். எனக்கு ரொம்ப அசதியா இருக்கு சாமி."

"எனக்கும்தான்."

"இனிமே என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. தைப்பூசத்துக்குத் துணி மாத்திக் குடுப்பீங்கல்ல?"

 சாமி தம்ளரின் அடியில் கிடந்த சர்க்கரையைச் சுற்றி ஆட்டிக் குடித்தார்.

"ஏங்க, இன்னைக்கு நடந்தது காலையில அவருக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப மீனு மறுபடியும் தண்ணிக்குள்ளதான் கெடக்கும். துணி இருக்கட்டும். நாளைக்கும் போயிட்டு வாங்க."