சருகைப் பெருக்கிய அணில்

"அழைக்கிறவன் முதல்ல பார்க்க வேண்டியது..." என்று தொடங்கி, வரியனின் தாய்மாமன் அடிக்கடி ஏதோ சொல்வதுண்டு. வரியனுக்கு முன்பாதிதான் நினைவில் நின்றது. பின்பாதி வாசலின் சுத்தத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டது.

வரியன் ஓர் அணில். ஆள் குடியில்லாத ஒரு வீட்டின் பின்தோட்டத்தில், குளத்தை ஒட்டி நின்ற பலாமரத்தில் அதன் கூடு. மனைவி பெயர் பஞ்சி. தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் சேர்த்துப் பஞ்சி கட்டிய அந்தக் கூட்டுக்குள் மூன்று குட்டிகள். இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்து அணில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குட்டிகள் கண் திறக்கும் காலையில், கூட்டின் வாசலில் வைத்து அழகான ஒன்றைக் காட்ட வேண்டும். முதலில் பார்ப்பது எப்படியோ, பிழைப்பும் அப்படியே அமையும் என்று நம்பினார்கள். சிலர் செம்பருத்தி காட்டுவார்கள். சிலர் பழுத்த கோவைப்பழம் காட்டுவார்கள். இதில் குறை வைத்த தகப்பனைச் சொந்தக்காரர்கள் சாகும்வரை குத்திக்காட்டுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பஞ்சியின் அண்ணன் நெட்டையன் ஒருநாள் குட்டிகளைப் பார்க்க வந்தது. வந்த வேலையை விட்டுவிட்டுப் பெருமை பேசியது.

"எங்க தோட்டத்து வீட்டுக்காரங்க பறவைகளுக்குத் தீனி வைக்க மாமரத்துல ஒரு தட்டைத் தொங்கவிட்டிருக்காங்க, மாப்ளே. வராத பறவை இல்லை. என் பிள்ளைக கண்ணைத் திறந்ததும் பார்த்தது மாங்குயிலை. தகதகன்னு மஞ்சள். அதுவும் பாடிக்கிட்டே உட்கார்ந்திருந்தது."

"நல்லது மச்சான்" என்றது வரியன்.

"நீங்க எதைக் காட்டப் போறீங்க? கீழே கிடக்கிற அந்தத் தவிட்டுக்குருவிகளையா?"

பலாமரத்தடியில் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதற்குள் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் இலையைப் புரட்டிப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்தன. தூசி நிறம். கலைந்த இறகு. விடிந்ததிலிருந்து அடையும்வரை வாய் ஓயாது. நெட்டையன் சிரித்துவிட்டுப் போய்விட்டது. வரியனுக்கு அன்று ஒரு கொட்டையும் இறங்கவில்லை.

"நானும் ஒரு விருந்து வைக்கிறேன்" என்று அது பஞ்சியிடம் சொன்னது. "கண் திறக்கிற அன்னிக்கு இந்தக் கிளை முழுக்க வண்ணப் பறவைதான்."

"ஒரு செம்பருத்தி போதாதாங்க?"

"உங்க அண்ணன் மாங்குயிலைக் காட்டியிருக்கார். நான் செம்பருத்தியைக் காட்டவா?"

மறுநாள் காலை வரியன் மரத்தை விட்டு இறங்கியது. வாலையே துடைப்பமாக்கி, பின்பக்கமாக நடந்து நடந்து சருகு அத்தனையையும் குளத்துக்குள் தள்ளியது. தவிட்டுக்குருவிகளில் மூத்தது ஒரு கல்லின்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது.

"என்னலே வரியா, வாலுக்கு அரிப்பா?"

"வீட்டுல விசேஷம் அக்கா. பெரிய இடத்துப் பறவைக வருது. நீங்க கொஞ்ச நாளைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டா நல்லா இருக்கும்."

"நாங்க இருந்தா விசேஷத்துக்கு என்ன?"

வரியன் வாலைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "சத்தம் கொஞ்சம் அதிகம். பார்க்கவும் அவ்வளவா..."

"சொல்லு, சொல்லு. அழுக்கா இருக்கோம். அதானே?" மூத்தது தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "வாங்கடி. இங்கே ராசா வீட்டுக் கல்யாணம் நடக்குதாம்."

ஆளுக்கொரு வார்த்தையாகத் திட்டிக்கொண்டே அவை வேலியைத் தாண்டிப் போயின. தோட்டம் அமைதியானது. வரியனுக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது. பஞ்சிக்குப் பிடிக்கவில்லை. "அதுக பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டிருந்தாதான் எனக்குக் கண் அசரும்" என்றது. வரியன் கேட்டுக்கொள்ளவில்லை.

தோட்டத்தை அடுத்த வயலில் தினை விளைந்திருந்தது. வரியன் வாய்கொள்ளும் மட்டும் அடக்கி வந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கிளைக் கவட்டில் இறுக வைத்து, அதை நிரப்பியது. தனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடிக்கும் என்பதில் அதற்குச் சந்தேகமே வரவில்லை.

முதலில் மாங்குயில் வந்தது. சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தது.

"பப்பாளி இல்லையா?"

"தினை இருக்குங்க. நல்ல தினை."

"அத்திப்பழம்?"

"தினை மட்டும்தாங்க."

"அப்ப சரி, வர்றேன்" என்று மாங்குயில் பறந்துபோனது.

மாலையில் ஆறுமணிக் குருவி வந்தது. முதுகில் பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. எல்லா நிறத்தையும் ஒரே உடம்பில் போட்டுக்கொண்ட பறவை. வெகுதூரத்திலிருந்து வந்த களைப்பில் தரையில் இறங்கி நின்று, சுற்றுமுற்றும் பார்த்தது.

"போன வருஷம் இங்கே சருகு கிடந்ததே?"

"பெருக்கிட்டேங்க. உங்களுக்காகத்தான்."

"எனக்காகவா?" ஆறுமணிக் குருவி வெறுந்தரையை அலகால் ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. "சருகுக்கு அடியிலதான்யா என் சாப்பாடு. பூச்சி, மண்புழு. இப்ப நான் எதைத் தின்ன?"

"தினை..."

"பெரிய உபகாரம்" என்று சொல்லிவிட்டு, அதுவும் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

தினையைத் தேடி வந்தவர்களும் உண்டு. சிரட்டையிலிருந்து சிந்தியதைப் பொறுக்க முதலில் ஒரு சுண்டெலி வந்தது. பிறகு அதன் மனைவி வந்தது. பிறகு இரண்டு பக்கத்து உறவும் வந்தது. மரத்தடியில் வளை தோண்டிக் குடியேறியே விட்டார்கள். "அண்ணே, மேலேயிருந்து இன்னும் கொஞ்சம் தட்டிவிடுங்க" என்று அதிகாரமாகக் கேட்கவும் பழகிக்கொண்டார்கள். வரியன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது.

எலி இருக்கும் இடத்துக்கு யார் வருவார்கள் என்று அது யோசிக்கவில்லை.

ஒரு நண்பகலில் சாரைப்பாம்பு வந்தது. வெறுந்தரையில் நீளமாக, சத்தமே இல்லாமல் வந்தது. வழியில் ஒரு சுண்டெலியை விழுங்கியது. பிறகு தலையைத் தூக்கி மோப்பம் பிடித்து, பலாமரத்தில் ஏறத் தொடங்கியது. வரியனும் பஞ்சியும் அதைப் பார்த்தபோது அது பாதி மரம் ஏறியிருந்தது.

பஞ்சி கூட்டின் வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டது. வரியன் இரண்டு கிளை கீழே இறங்கி, பாம்புக்கு எதிரே நின்று வாலை விறைப்பாகத் தூக்கியது.

"வழியை விடு தம்பி" என்றது பாம்பு. "இந்தத் தோட்டத்துக்கு வரணும்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். சருகுல நாலு முழம் நகர்றதுக்குள்ள சரசரன்னு காட்டிக்கொடுத்துரும். அதுக்கு மேல அந்த வாயாடிக் கூட்டம் வேற. இப்ப பாரு, கோயில் பிரகாரம் மாதிரி இருக்கு. பெருக்கினவங்க நல்லா இருக்கணும்."

பாம்பு இன்னொரு முழம் ஏறியது. வரியன் ஒரு கிளை பின்வாங்கியது. அதற்குப் பின்னால் கூடுதான். பஞ்சி அடிவயிற்றிலிருந்து கத்தியது. நிறுத்தாமல் கத்தியது.

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சு பட்டென்று நின்றது. அடுத்த நொடி தவிட்டுக்குருவிகள் அத்தனையும் பலாமரத்தில் இருந்தன. பாம்பின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இறக்கையை அடித்துக்கொண்டு கத்தின. ஒன்று வாலைக் கொத்திவிட்டுப் பறந்தது. பாம்பு திரும்புவதற்குள் இன்னொன்று கண்ணுக்கு நேராக வந்தது. கூச்சலைக் கேட்டுக் காக்கைகள் கூடின. குளத்தங்கரையில் திரிந்த கீரியும் தலையைத் தூக்கியது. கீரியைப் பார்த்ததும் சாரை பிடியை விட்டுத் தரையில் விழுந்து, வயலுக்குள் ஓடியது.

எல்லாம் அடங்கியதும் வரியன் மூத்த தவிட்டுக்குருவியிடம் போனது. "அக்கா..." என்றது.

"உனக்காக வந்தோம்னு நினைக்காதே" என்றது மூத்தது. "பாம்பைப் பார்த்தா எங்களுக்கு வாய் சும்மா இருக்காது. பிள்ளைக நல்லா இருக்கா?"

"இருக்கு."

"எலி இருக்கிறவரைக்கும் அவன் திரும்ப வருவான். பார்த்துக்கோ." சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு வேலிக்கு அந்தப் பக்கமே போய்விட்டது.

அன்று சாயங்காலம், வரியன் இத்தனை நாளாக எதற்காகக் காத்திருந்ததோ அது நடந்தது. சிவப்புச் சில்லை ஒன்று சிரட்டையில் வந்து உட்கார்ந்தது. பழுத்த மிளகாய் நிறம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கட்டைவிரல் அளவு உடம்பிலிருந்து மெல்லிய பாட்டு. அது தினையைக் கொறித்துப் பார்த்தது. தலையை ஆட்டியது.

"அருமையான தினை. காலையில எங்க கூட்டம் மொத்தத்தையும் கூட்டிட்டு வரட்டுமா?"

வரியன் கூட்டுக்குள் திரும்பிப் பார்த்தது. குட்டிகளின் இமைகளில் மெல்லிய கீறல் விழத் தொடங்கியிருந்தது. நாளைக் காலையில் திறந்துவிடும். கிளை முழுக்கச் சிவப்பாகச் சில்லைகள் உட்கார்ந்திருந்தால் நெட்டையனின் முகம் எப்படிப் போகும் என்பதையும் அது நினைத்துப் பார்த்தது. கீழே சுண்டெலிகள், "அண்ணே, தட்டிவிடுங்க" என்றன. பஞ்சி வரியனையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீதியை இங்கேயே சொல்லிவிடலாம்: கண்ணுக்கு அழகானவர்களை வரவழைப்பதற்காக, நம்மைக் காத்து நிற்பவர்களை வெளியே தள்ளக் கூடாது.

வரியன் சிவப்புச் சில்லையிடம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. சிரட்டையைத் தினையோடு குளத்தில் தள்ளியது. பிறகு வேலியைத் தாண்டிப் போய், காலையில் குட்டிகள் கண் திறக்கும்போது கூட்டுக்கு எதிர்க்கிளையில் வந்து உட்காரும்படி தவிட்டுக்குருவிகளை அழைத்தது.