ஏழு விரல் ஏனோசும் மரக் கொக்கியும்

கையக் குடு கண்ணு. விரல நீட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து. சரியா இருக்கு. இப்பக் கண்ண மூடு. நடுநடுவுல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா கதை அங்கயே நின்னுடும்.

"ம்."

ஒரு நிக்காத ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தம்பி. நிக்காத ஊருன்னா என்னன்னு கேக்குறியா? அமெரிக்காவுல ரயில் பாதை போட்டுக்கிட்டே மேற்கால போனாங்க. பாதை எங்க முடியுதோ அங்க கூடாரம் அடிப்பாங்க. அதான் ஊரு. ரெண்டு மாசத்துல அதையும் பிடுங்கிக்கிட்டு இன்னும் மேற்கால போயிடும். "மேற்க வாங்க, நிலம் சும்மா கெடக்கு"ன்னு ரயில் கம்பெனிக்காரன் பேப்பர்ல போட்டான். சும்மா எங்க கெடந்துச்சு? காலங்காலமா அங்க இருந்த சனங்கள வெரட்டிட்டு சும்மா கெடக்குன்னான். எவனாவது அப்படிச் சொன்னா, யாரோட அடுப்ப அணைச்சிட்டுச் சொல்றான்னு பாக்கணும். தெரியுதா?

"ம்."

அண்ணன் பேரு ஏனோஸ், தம்பி பேரு லெவி. ஏனோஸ் முன்னாடியே போய் வேலை பாத்துட்டு, தம்பியக் கூட்டிட்டுப் போக வீட்டுக்கு வந்தான். அப்போ அவனுக்கு ஏழு விரல்தான் இருந்துச்சு. அவங்க அம்மா அதப் பாத்தா. லெவியோட கையத் தூக்கி, இப்ப நான் எண்ணுன மாதிரியே எண்ணி, ஏனோஸ் கையில வெச்சா. "பத்தோட குடுக்கறேன். பத்தோட கொண்டா"ன்னா.

ஏனோசுக்கு ஏன் ஏழு? அவன் வேலை ரயில் பெட்டி கோக்கறது. நிக்கிற பெட்டியில ஒரு இரும்பு வளையம் தொங்கும். இஞ்சின் இன்னொரு பெட்டியத் தள்ளிக்கிட்டு வரும், கட கட கட கடன்னு. ரெண்டுக்கும் நடுவுல ஆள் நிக்கணும். வளையத்தக் கையில தூக்கி, வர்ற பெட்டியோட வாய்க்குள்ள விட்டு, மேலால ஆணியச் சொருகணும். டங்குன்னு முட்டும். அதுக்குள்ள கைய எடுத்துடணும். எடுக்கலைன்னா...

"ம்?"

எடுக்கலைன்னா ஏழு.

அங்க ஒரு வழக்கம் இருந்துச்சு. ஆள் எடுக்கறப்ப மேஸ்திரி பேரக் கேக்க மாட்டான், "கையக் காட்டு"ம்பான். விரல் கொறஞ்சிருந்தா "பழகுன ஆளு, வா"ம்பான். பத்தும் இருந்தா "கத்துக்குட்டி, போ"ம்பான். அதனால ஏனோசுக்கு அந்தக் கை மேல ஒரே பெருமை. நாலு பேரு கூடுனா போதும், கையத் தூக்கி, "இதான்டா என் சர்டிபிகேட்டு"ம்பான். அந்தப் பெருமையக் கம்பெனி சும்மா குடுத்துச்சு கண்ணு. வேற எதையும் அது சும்மா குடுத்ததில்ல.

லெவி மண்ணு வெட்டுனான், தண்ணி தூக்குனான். ஆனா ஆசையெல்லாம் பெட்டி கோக்கறதுலதான். தெனமும் மேஸ்திரி முன்னாடி கைய நீட்டுவான். தெனமும் "போ"தான். ஏனோஸ் தள்ளி நின்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பான். ஆள் பத்தாம என்னிக்காவது எடுத்துட்டான்னா? அம்மா எண்ணிக் குடுத்த கையாச்சே.

அப்போ ஒரு நாள் மத்தியானம் கூட வேலை பாக்குற ரெண்டு பேரு விரலக் கொக்கி மாதிரி மடக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்து இழுத்து விளையாடிக்கிட்டு இருந்தாங்க. இழுக்க இழுக்க இறுகுதே ஒழிய விடல. ஏனோஸ் சோத்துத் தட்டக் கீழ வெச்சான். அப்படியே பாத்துக்கிட்டு நின்னான்.

அப்புறம் ஒரு மாசம், கட்டையும் கத்தியுமா உக்காந்தான். சர்க் சர்க்குன்னு செதுக்குனான். ரெண்டு மரக் கொக்கி, மடக்குன கை மாதிரி. முட்டவிட்டா கிளிக்குன்னு தானே கோத்துக்கும். கழட்டணும்னா பக்கத்துல நின்னு ஒரு கம்பிய இழுத்தாப் போதும். நடுவுல ஆளே வேண்டாம்.

எடுத்துக்கிட்டு மேஸ்திரிகிட்ட போனான். "நல்ல பொம்மை. எம் மவளுக்குக் குடு"ன்னான் மேஸ்திரி.

அப்புறம் கம்பெனி தொரைகிட்ட போனான். தொரை கிளிக் கிளிக்குன்னு நாலு தடவ தட்டிப் பாத்தாரு. "புத்திசாலிதான். ஆனா எல்லாப் பெட்டிக்கும் மாட்ட இரும்பு வேணுமே. ஆளுன்னா ஒருத்தன் போனா வாசல்ல பத்துப் பேரு நிக்கிறான்"னாரு. ஒரு கொக்கிய மேசைக்குள்ள போட்டுப் பூட்டிக்கிட்டாரு. இன்னொண்ணத் திருப்பிக் குடுத்தாரு.

அப்புறம் தன் கூட்டாளிங்ககிட்ட வந்தான். அவங்களாவது புரிஞ்சுக்குவாங்கன்னு வந்தான். மத்தவங்க சொன்னதக்கூட மறந்துடலாம் கண்ணு, இவங்க சொன்னது இருக்கே.

"ம்..."

டூலின்னு ஒரு கெழவன், நாலே விரல்காரன், அந்தக் கொக்கியத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "ஏனோசு, ஆறு விரலக் குடுத்து வாங்குன பேருய்யா எனக்கு. இது வந்துட்டா நேத்துக் கப்பல்ல எறங்குனவனும் பெட்டி கோப்பான். அப்போ நான் யாரு?"ன்னான். இன்னொருத்தன், "பயந்துட்டான்யா. ஏழோட நின்னுக்கலாம்னு பாக்கறான்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. லெவியும் அங்க நின்னான்.

ஏனோஸ் அப்போ, "ஆமா, பயம்தான். எந் தம்பிக்காகப் பயம்"னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏழு விரலயும் தூக்கிக் காட்டி, "நானாடா பயப்படறவன்? பொழுதுபோகாமச் செதுக்குனது"ன்னு கொக்கிய அடுப்புல போட்டான். பட பட படன்னு எரிஞ்சுது. ஓன்னு கை தட்டுனாங்க. லெவி தட்டல. அண்ணன் தூக்குன கையவே பாத்துக்கிட்டு இருந்தான்.

மறுநாள் காலையில லெவி கைய ஒரு துணியில சுத்திக்கிட்டு வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "அண்ணே, ஒம்பது"ன்னான்.

"எதுல போச்சு?"

"கோடாலியில. நானேதான்."

புண்ணு ஆறுனதும் போய்க் கைய நீட்டுனான். "பழகுன ஆளு, வா"ன்னான் மேஸ்திரி. ஏனோஸ் ஓடுனான். "ஐயா, அவனுக்கு வேலை தெரியாது. அந்த விரலு பெட்டியில போனதில்ல"ன்னான். "எதுல போனா என்ன, போச்சுல்ல"ன்னுட்டான் மேஸ்திரி.

மொதப் பெட்டி வந்துச்சு, கட கட கட, டங். லெவி வெளிய வந்து அண்ணனப் பாத்துச் சிரிச்சான். ரெண்டாவது பெட்டி வந்துச்சு, டங். மூணாவது பெட்டி வந்துச்சு, கட கட கட... டங்குன்னு கேக்கல. மெத்துன்னு கேட்டுச்சு. லெவி வெளிய வரல.

...

தூங்கிட்டியா?

"இல்ல."

அப்புறம் வருஷம் ஓடிப் போச்சு. ஊரு மேற்கால நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு. ஆயிரம் பேரு செத்து, ஆயிரம் பேரு கத்தி, நோட்டீசு ஒட்டி, அடி வாங்கி, கடைசியில ஒரு சட்டம் வந்துச்சு. எல்லாப் பெட்டிக்கும் இரும்புக் கொக்கி மாட்டுனாங்க. அது தொரை மேசையில பூட்டுனதா, வேற எவனோ செஞ்சதான்னு யாருக்கும் தெரியாது. அப்போ ஏனோஸ் கெழவனாயிட்டான். பசி. பழைய கம்பெனிக்கே வேலை கேட்டுப் போனான். புது மேஸ்திரி, "கையக் காட்டு"ன்னான். ஏனோஸ் பழக்கத்துல நிமிர்ந்து நின்னு நீட்டுனான்.

"ஏழா? இப்பல்லாம் பத்து இருக்கறவனத்தான் எடுக்கறோம். போ."

ஏனோஸ் போகல. பாதை ஓரமா உக்காந்தான். பெட்டிங்க வந்து முட்டுச்சு. கிளிக். நடுவுல ஆளே இல்ல. கிளிக். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு விரல மடக்குனான். ஏழு வரைக்கும் மடக்குனான். எட்டாவதுக்கு மடக்க விரல் இல்ல.

"அம்மாகிட்ட யாரு சொன்னா?"

யாரும் சொல்லல கண்ணு. அவ வாசல்லயே எண்ணிக்கிட்டு இருந்திருப்பா.

கதை நின்னுடுச்சு. ஊருதான் நிக்கல. நீ கைய மடக்கிப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டுத் தூங்கு.